அண்ணாச்சியின் கையெழுத்து

போன வருடம் எங்கள் ஓடைப்பட்டியில் திராட்சைக் கொடி கவாத்து முடிந்திருந்த சமயம் அண்ணாச்சியின் மகன் எனக்குப் போன் செய்தான். அப்பாவின் காகிதங்கள் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் வாங்கிப் பாதுகாக்கச் சம்மதித்திருக்கிறது, அதற்கு முன்னால் எது என்ன என்று பிரித்துப் பட்டியல் போட ஆள் வேண்டும், உங்களை விட்டால் யாரும் இல்லை அத்தை என்றான். அண்ணாச்சி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று கேட்டு ஒரு போன் கிடையாது. காரியம் என்று வந்ததும் அத்தை ஆகிவிட்டேன்.

அண்ணாச்சி எனக்கு உறவில்லை. நாடகக் கம்பெனி நடத்திவிட்டுப் பிறகு மூன்று சினிமாப் படம் எடுத்தவர். சின்னமனூரில் வாழைக்காய் மண்டிக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ் இருந்தது. அங்கே பதினொரு வருடம் வேலை பார்த்தேன். ஊரே அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் மனைவி எனக்கு மதினி ஆனாள், பிள்ளைக்கு நான் அத்தை ஆனேன். ஒரு செலவும் இல்லாத உறவு என்பதால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

பஸ் ஏறிப் போனேன். கூடத்தில் பெட்டிகளைத் திறந்து பரப்பி வைத்திருந்தான். நாடக நோட்டீஸ்கள், மைக் வைக்கப் போலீஸ் கொடுத்த அனுமதிக் கடிதங்கள், நடிகைகளின் கால்ஷீட் ஒப்பந்தங்கள், சென்சார் சான்றிதழ், மூலை மடங்கிய ஸ்டில் போட்டோக்கள். பாதியைக் கரையான் ருசி பார்த்திருந்தது. மகன் ஏற்கெனவே கொஞ்சம் வேலை செய்து வைத்திருந்தான். ஒவ்வொரு நோட்டின் மேலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி அதில் 'அப்பா கையெழுத்து' என்று எழுதியிருந்தான். ஒன்றைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்து. அடுத்ததைத் திறந்தேன். அதுவும் நான்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கியதில் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அப்பா ஞாபகம் வந்துவிட்டதா அத்தை என்று ஆதரவாகக் கேட்டான்.

அண்ணாச்சிக்கு எழுத வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கையெழுத்து மட்டும் ஜோராகப் போடுவார், பேருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து. பேச ஆரம்பித்தால் கல்லும் உருகும், ஆனால் பேனாவை எடுக்க வேண்டிய இடம் வந்ததும் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். "கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன் தாயி, நீ எழுது" என்பார். பதினொரு வருடமும் அந்தக் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. உத்தமபாளையத்தில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்த என்னை, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேலைக்குக் கூப்பிட்டதே அதற்காகத்தான்.

மகன் கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். கணக்கில் பெயிலாகி அழுது கடிதம் போட்டபோது, பரவாயில்லை ராசா அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா பதில் எழுதினாரே, அதுவும் மண்டிக்கு மேலே உட்கார்ந்து நான் எழுதியதுதான். அதனால் அவனுக்கு என் கையெழுத்துதான் அப்பாவின் கையெழுத்து. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் மத்தியானம் நான் போட்டுக்கொண்டிருந்த பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டான் பாருங்கள்: "அத்தை, ஒங்க எழுத்தும் அப்பா எழுத்து மாதிரியே இருக்கே. அவர்ட்டப் பாத்துப் பழகுனீகளா?"

காப்பி ஆறிப்போகிறது என்றேன்.

நாடகக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாடகம் முழுவதையும் எந்த நடிகருக்கும் கொடுக்க மாட்டார்கள். அவரவர் பேச வேண்டியதை மட்டும் தனித்தனி நோட்டில் எழுதிக் கொடுப்போம். எதிரில் பேசுகிறவரின் பேச்சில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் அதில் இருக்கும், அதைக் கேட்டதும் இவர் ஆரம்பிக்க வேண்டும். இதற்குப் பாடம் என்று பெயர். முழு நாடகமும் கையில் கிடைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுவார்கள் என்று அண்ணாச்சிக்குப் பயம். முழுப் பிரதி ஒன்றே ஒன்றுதான், அது அவர் பீரோவில் இருக்கும். இதனால் என்ன ஆயிற்று என்றால், ஒரு நாடகம் எப்படி எழுதப்பட்டது, யார் எழுதினார்கள் என்பது அவரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சாட்சி என்று யாரையும் கூப்பிட வழியில்லை.

அவர் பெயர் சொல்லும் அந்த ஒரு நாடகத்தை எழுதியது நான். பிறகு அதுவே சினிமாவாகி நன்றாக ஓடியது. அந்த முழுப் பிரதி இரண்டாவது பெட்டியில், பழுப்பு அட்டை போட்ட நோட்டாக, தலையில் மஞ்சள் சீட்டோடு இருந்தது.

நான் எழுதியது என்று சொன்னாலும் அதன் உயிர் என்னுடையதில்லை. என் அக்காவுடையது. அக்கா புருஷன் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாகப் போனான், போன இடத்திலிருந்து இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் அனுசரித்து இருங்கள் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதுவரை வாய் திறக்காமல் நின்ற அக்கா முன்னால் வந்து, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, இந்த வீடு நான் புல் சுமந்தும் பழம் வெட்டியும் கட்டியது என்று ஆரம்பித்தாள். "என் வீட்டு வாசல்ல எத்தன சோடிச் செருப்பு கெடக்கணும்னு பஞ்சாயத்து சொல்ல வேணாம், நாஞ் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அவன் செருப்பை எடுத்து வந்து கூட்டத்தின் நடுவில் வைத்தாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாளில் எழுதினேன். படித்துக் காட்டியபோது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முடிந்ததும் இதுதான் அடுத்த நாடகம் என்றார். நோட்டீஸில் கதை வசனம் என்று அவர் பெயர் வந்தது. பொம்பளைப் பிள்ளை எழுதிய நாடகம் என்றால் கோயில் கமிட்டிக்காரர்கள் புக் செய்ய மாட்டார்கள் என்று விளக்கம் சொன்னார். கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரை அந்த நாடகம் போகாத திருவிழா இல்லை. அக்கா சின்னமனூரில் ஒரு தடவை வந்து பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு குறைதான்: இவ்வளவும் வைத்தாயே, என் பெயரை வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். கதாநாயகிக்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன், மரியாதைக்கு. போய் அண்ணாச்சியிடம் கேட்டேன். என் தலையில் கைவைத்து, படமாக எடுக்கும்போது எழுதியவள் என்று உன் பெயரும், கதாநாயகிக்கு உன் அக்கா பெயரும் வரும், இது சத்தியம் என்றார்.

படம் வந்தது. தேனியில் தியேட்டரில் அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். டைட்டிலில் கதை வசனம் அண்ணாச்சி. கதாநாயகிக்கு வாயில் நுழைகிற மாதிரி ஏதோ ஒரு சின்னப் பெயர். செருப்புக் காட்சியில் தியேட்டரே விசிலடித்தது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். வெளியே வந்ததும், "பேச்சு நல்லாத்தேன் இருக்கு. யாரு பேசுனதோ" என்றாள். அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கு வரை செரிக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஏலக்காய் எடுக்கக் கேரளாவுக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் கம்பம்மெட்டு மலை ரோட்டில் கவிழ்ந்ததில் அக்கா போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. ரேஷன் கார்டில் பெயரை அடித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் பெயர் இந்த உலகத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லை. நான் அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை போட்டேன். அடுத்த படத்தில் பார்ப்போம் என்றார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தவள்தான். சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, முட்டை எண்ணியே ஓய்வு பெற்றேன்.

இப்போது அந்தப் பழுப்பு நோட்டைப் புத்தகமாகப் போடப்போவதாக மகன் சொன்னான். கல்லூரிகளில் பாடமாக வைக்க ஏற்பாடு நடக்கிறதாம். மடியில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு முடிவு செய்தேன், சொல்லிவிடுவது என்று. எனக்கு வேண்டியது இரண்டு வரிதான். அட்டையில் என் பெயர், உள்ளே அக்காவின் பெயர். என் பெயருக்கு இனிமேல் யாரும் மாலை போடப்போவதில்லை, அதைக்கூட விட்டுவிடலாம். அக்காவின் பெயர் அச்சில் வர வேண்டும்.

சொல்ல வாயெடுத்த நேரத்தில் அவன் உள்ளே போய் இன்னொரு கட்டைக் கொண்டுவந்தான். ரவிக்கைத் துணியில் கிழித்த நாடாவால் கட்டிய கடிதங்கள். மெட்ராஸிலிருந்து அப்பா அம்மாவுக்கு எழுதியது, அம்மா தன் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார், கெஞ்சி வாங்கினேன் என்றான். அதில் ஒன்றை அப்படியே படம் பிடித்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடப்போகிறானாம். ஒரு கலைஞனுக்குள் இருந்த கணவன் என்று ஏதோ சொன்னான்.

அந்தக் கடிதங்கள் மெட்ராஸில் எழுதியவை இல்லை. படம் எடுக்கும் காலத்தில் அண்ணாச்சி மாதக்கணக்கில் மெட்ராஸில் இருப்பார். கிளம்புவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்கு ஐந்தாறு கடிதம் தேதி போடாமல் எழுதிக் கொடு, நான் வாரத்துக்கு ஒன்றாகப் பெட்டியில் போட்டுக்கொள்கிறேன் என்பார். என்ன எழுத வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னதும் இல்லை. கீழே மண்டியில் வாழைத்தார் ஏலம் போகிற சத்தத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தே இராத கடலைப் பற்றி எழுதுவேன். இரண்டு நாளாக இங்கே விடாத மழை என்பேன். நீ வைக்கிற கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்கவில்லை என்பேன். நீ நீலப் புடவையில் வாசலில் நின்றதே கண்ணில் நிற்கிறது என்பேன். சம்பளத்துக்கு எழுதியதுதான், ஆனால் மட்டமாக எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் ரசித்து எழுதினேன். எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை.

நாடகம் என் எழுத்து என்றால் அந்தக் கடிதங்களும் என் எழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளிப்பிள்ளை கண்டுபிடித்துவிடும். நாற்பது வருடமாகப் புடவைக்கு அடியில் பத்திரப்படுத்தியவளிடம் போய், இது உன் புருஷன் எழுதியதில்லை, ஆபீஸில் வேலை பார்த்தவள் எழுதியது என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பேசாமல் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே ஆத்திரம் தலைக்கேறியது. மதினிக்கு என்ன குறை? வீடு, தோட்டம், மகன், பேரன். ஒரு கடிதம் போனால் குடியா மூழ்கிவிடும்? என் அக்கா ரோட்டோரம் கிடந்து செத்தாளே. காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினேன்.

மகன் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தான். மதினி சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயதாகிறது, கை மட்டும் இன்னும் வேகம். உட்காரச் சொன்னாள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அவன்ட்டச் சொல்லப் போறியா?"

எதை என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல ரெண்டு நாளா மழைன்னு எழுதியிருந்த. அந்த வாரம் ரேடியோவுல, மெட்ராஸ்ல குடிக்கத் தண்ணியில்லாம சனம் கொடத்தத் தூக்கிட்டு அலையிதுன்னு சொன்னாக."

முதல் கட்டுக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டதாம். அதைவிட, எழுத வராத மனிதனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அவன் எழுத மாட்டான் என்று தெரியாதா? நான் எத்தனை பெரிய மடச்சி என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக் கதை எனக்கு, கடிதம் அவளுக்கு. ஆளுக்கொன்றாக இரண்டு பேர் தலையிலும் மிளகாய் அரைக்கப் பார்த்திருக்கிறார் மனிதர். தெரிந்தும் ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு வேற யாரு கடுதாசி எழுதுனா?" என்றாள்.

நான் இன்னொரு கொத்தை எடுத்தேன். அவள் அதோடு விடவில்லை. அந்த நாடகமும் என்னுடையதுதான் என்று தெரியும் என்றாள். அது என் அக்கா பேசிய பேச்சு என்று ஓடைப்பட்டியில், சின்னமனூரில், பாதிப் பேருக்குத் தெரியும் என்றாள். இத்தனை பேருக்குத் தெரிந்தும் ஏன் ஒருத்தர் கூடச் சொல்லவில்லை மதினி என்று கேட்டேன். "நீயே சொல்லலையே" என்றாள்.

கீரையை முறத்தில் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தாள். "எம் மகன் என்னய புருஷங்கிட்டக் கடுதாசி வாங்குன பொண்டாட்டின்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்பிடியே இருந்துட்டுப் போறேன் தாயி. எனக்கு இருக்குறது இது ஒண்ணுதேன்."

ஒன்றும் தெரியாத அப்பாவியாக அவள் இருந்திருந்தால் உடைத்துச் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். தெரிந்துகொண்டே கேட்டாள். நான் வாழ்க்கையில் எழுதியதையெல்லாம் நான் எழுதியது என்று தெரிந்தே வாசித்தவள், ஒரு தாளைக்கூடத் தொலைக்காமல் கட்டி வைத்தவள், அவள் ஒருத்திதான். அவளை அடிக்க எனக்குக் கை வரவில்லை. மகன் ஜெராக்ஸோடு வந்தான். நான் கூடத்தில் போய் உட்கார்ந்து பட்டியலை எழுதி முடித்தேன். எல்லாவற்றுக்கும் எதிரில் 'தயாரிப்பாளரின் கையெழுத்து' என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். வீட்டுக்கு வந்து அக்காவை நினைத்து அழுதேன், என்னை நினைத்தும் அழுதேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் போன். நோட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் கடைசித் தாள் இல்லை என்கிறார்களாம், கரையான் தின்றுவிட்டது போல. பஞ்சாயத்துக் காட்சியின் முடிவு. படத்தில் செருப்பு அப்படியே இருந்தாலும் அதற்கு முந்தைய பேச்சைச் சுருக்கி மாற்றிவிட்டார்கள், அதனால் அதைப் பார்த்து எழுதவும் முடியாது. ஒத்திகை முழுக்கக் கூட இருந்தவர் நீங்கள்தானே, ஞாபகத்திலிருந்து எழுதித் தருவீர்களா அத்தை என்றான். உங்கள் எழுத்தும் அப்பா எழுத்து மாதிரியே இருப்பதால் பெட்டியில் மற்ற தாள்களோடு சேர்ந்துவிடும், வித்தியாசம் தெரியாது என்றும் சொன்னான். அவன் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

எழுதினேன். ஒரு வார்த்தைக்காகவும் நிற்கவில்லை, அது என் ஞாபகத்தில் இல்லை, காதில் இருந்தது. வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் கதாநாயகி தன் பெயரைச் சொல்லும் இடம் வந்தது. அந்த இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன், அவளுடைய தகப்பன், என் தகப்பன் பெயரோடு. எனக்குப் பெயர் வேண்டாம், கடிதங்கள் மதினியிடமே இருக்கட்டும், நாடகத்தை அண்ணாச்சியே வைத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு பெயர் மட்டும் அச்சில் ஏறட்டும் என்று இருந்தேன். யார் கண்ணில் படப்போகிறது என்ற தைரியம். மறுநாளே கூரியரில் அனுப்பினேன்.

இந்தத் தை மாதம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. இரண்டாவது வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். வாசலிலேயே ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் கடிதம், கடலும் மழையும் கருவாட்டுக் குழம்புமாக. மதினி மேடையில் நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் பார்க்கவில்லை. பேச்சாளர்கள் வந்துகொண்டிருக்கும்போதே நான் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன்.

பஞ்சாயத்துக் காட்சி ஒரு சொல் பிசகாமல் இருந்தது. பெயர் வருகிற இடத்தில் நாடகத்துக் கதாநாயகியின் பெயர் இருந்தது, பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடிக்குறிப்பை வாசித்தேன். 'கையெழுத்துப் பிரதியில் இவ்விடத்தில் ஆசிரியர் கவனக்குறைவாக வேறு யாருடைய பெயரையோ எழுதியிருக்கிறார். திருத்தப்பட்டுள்ளது.'

மதினிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.